லாப்ரடோருக்கு நுகம் பூட்டிவிட்டு இழுக்கிறது என்கிறீர்கள்

கேள்வி: டொக்டர் ஐயா, வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். எங்கள் லாப்ரடோர் ஆண் நாய்க்கு மூன்று வயது, 34 கிலோ. விடிய மாமாதான் தன் சீனி வருத்த நடைக்கு மரைன் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். போன கிழமை எதிர்ப்பக்கம் பூனையைக் கண்டு பாய்ந்ததில் மாமா விழுந்து மணிக்கட்டில் வெடிப்பு. கழுத்துப்பட்டியில் இழுத்து இருமுகிறது என்று நெஞ்சைச் சுற்றிப் பூட்டும், முதுகில் கயிறு மாட்டும் வளையம் உள்ள சிவப்பு ஹார்னஸ் ஒன்று வாங்கினோம், விலையும் கூட. இப்போது முன்னையதை விட மோசம். கடைக்காரர் முள்ளுச் செயின் போடச் சொல்கிறார். மாமி நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறா. எந்த ஹார்னஸ் வாங்கலாம்?

பதில்: தங்கச்சி, மாமாவின் கை நன்றாக ஆறும் வரை அந்த நாயை அவரிடம் கொடுக்காதீர்கள். மாமியிடம் இரண்டு கிழமை தவணை கேளுங்கள்.

நான் வண்டில் மாடு கட்டிய வீட்டுப் பிள்ளை. நுகம் திமிலுக்கு முன்னால் கிடக்கும். மாடு அதில் உடம்பைச் சாய்த்துத் தள்ளும். தொண்டை நெரிபடாது, அதனால் எவ்வளவு பாரமும் இழுக்கும். ஆனால் மாட்டைத் திருப்ப யாராவது நுகத்தைப் பிடிப்பார்களா? மூக்கணாங்கயிற்றைத்தானே பிடிப்பார்கள். முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ் நாய்க்கு நுகம். பனி நாடுகளில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கும் கயிறு பின்னாலிருந்துதான் போகிறது. இழுக்கிற நாய்க்கு இழுக்க வசதியான சாமானை விற்றிருக்கிறார்கள். நாய் அதைச் சரியாகப் பாவிக்கிறது. பிழை நாயில் இல்லை.

உங்களுக்கு வேண்டியது நெஞ்சின் நடுவில் வளையம் உள்ளது. நாய் முன்னே பாயும்போது கயிறு அதன் நெஞ்சைப் பக்கவாட்டில் திருப்பும். உடம்பு உங்கள் பக்கம் வளைந்து, தள்ளும் பலம் கலைந்துபோகும். நெஞ்சிலும் முதுகிலும் இரண்டு வளையம் இருந்தால் இன்னும் நல்லது. முன்னாலிருந்து பார்த்தால் வார்கள் நெஞ்செலும்பில் ஆங்கில ‘ஒய்’ (Y) எழுத்துப்போலச் சேர வேண்டும். தோள்களுக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு வார் ஓடினால் முன்னங்காலை நீட்டி நடக்கத் தடையாகலாம், வாங்காதீர்கள்.

‘லாப்ரடோர் சைஸ்’ என்று எடுத்துத் தருகிற கடையில் இருந்து வெளியே வந்துவிடுங்கள். அப்படி ஒரு சைஸ் கிடையாது. தையல்காரரின் நாடாவால் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும், கழுத்தின் அடியையும் அளக்க வேண்டும். போட்ட பின் எந்த வாருக்கும் கீழே இரண்டு விரல் போக வேண்டும். மூன்று நான்கு போனால் தளர்வு. வயிற்று வார் கால் இடுக்கில் உரசாமல் இரண்டு மூன்று விரல் பின்னால் நிற்க வேண்டும். கடிதத்தில் நிறையையும் நிறத்தையும் விலையையும் சொன்னீர்கள், நெஞ்சளவைச் சொல்லவில்லை.

வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொன்று. கடல் காற்று கொக்கியைத் தின்னும். உங்கள் பல்கனிக் கம்பியைப் பாருங்கள், புரியும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி கேளுங்கள், மாதம் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். பின்வாங்கி நெளிந்தால் அநேகமான ஹார்னஸிலிருந்து நாய் கழன்றுவிடலாம். சித்திரை வருடப்பிறப்பு வெடிக்கு அப்படிக் கழன்று ஓடிய நாய்களைத் தேடியலைந்த வீடுகள் எனக்குத் தெரியும். அதனால் ஹார்னஸையும் கழுத்துப்பட்டியையும் சின்னக் கயிற்றுத் துண்டால் இணைத்து வையுங்கள். கழுத்துப்பட்டி பெயரும் தொலைபேசி இலக்கமும் தொங்கவிட, இழுக்க அல்ல.

முள்ளுச் செயினுக்கு என் பதில் ஒரு சொல்: வேண்டாம். பூனையைக் காணும்போதெல்லாம் கழுத்தில் முள் குத்தினால் நாய் என்ன படிக்கும்? பூனை வந்தால் வலி வரும் என்று படிக்கும். பிறகு பூனையைக் கண்டாலே உறுமும், ஒருநாள் றோட்டு நாயைக் கண்டும் உறுமும். கழுத்தில் இழுபடும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, ஹார்னஸில் அப்படி ஏறவில்லை என்று 2006இலேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. இதை விற்பவருக்கு நாயைப் பற்றித் தெரியாது; தெரிந்தும் விற்றால் அது இன்னும் கேடு. பொத்தானை அமத்த நீளுகிற சுருள்கயிறும் அதே அலுமாரியில் தொங்கும். இழுத்தால் கயிறு நீளும் என்பதைத்தான் அது நாள் முழுக்க நாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆறடி நூல் கயிறு போதும். கையில் சுற்றிக் கட்டாதீர்கள்.

இருமலை மட்டும் சும்மா விடாதீர்கள். பட்டி இல்லாத நேரத்திலும் இருமினால் உங்கள் மிருக வைத்தியரிடம் நெஞ்சைக் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்காதது. அந்த நாய் நாள் முழுக்க எதை மணந்து பார்க்கிறது? தரை டைல்ஸையும் லிப்டையும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வழிவந்த சாதி, ஐந்தாம் மாடியில் இருபத்துமூன்று மணித்தியாலம் கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. பிறகு கதவு திறக்கிறது. மாமாவுக்கு அது சீனி வருத்தத்துக்கான வேக நடை. நாய்க்கு அன்றைய பத்திரிகை வாசிக்கும் நேரம். ஒவ்வொரு மின்கம்பத்திலும் நேற்று யார் போனார், ஆணா பெண்ணா என்று எழுதியிருக்கிறது. வாசிக்க விடாமல் இழுத்துக்கொண்டு போனால் அது அடுத்த கம்பத்துக்கு ஓடாமல் என்ன செய்யும்? என் அனுபவத்தில் இழுக்கிற நாய்களில் பாதிக்கு மேல் மணக்க விடாத நாய்கள். மற்ற வைத்தியர்கள் இவ்வளவு தூரம் சொல்ல மாட்டார்கள், நான் சொல்வேன்.

ஆகவே மாமாவின் நடையும் நாயின் நடையும் வேறு வேறாகட்டும். மரைன் டிரைவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் ரயில், மற்றப் பக்கம் ஓட்டோ, நடுவில் வடைத்துண்டு. படிக்கிற பிள்ளையை யாரும் திருவிழாவில் உட்கார்த்துவதில்லை. விடிய ஐந்தரைக்குக் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒழுங்கை ஒன்றில் இருபத்தைந்து நிமிடம், தளர்ந்த கயிற்றில், அது எங்கே மூக்கை வைக்கிறதோ அங்கே நில்லுங்கள். நூறு மீற்றர் போகாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து படுத்துவிடும்.

பாடம் தனியாக, பின்னேரம் கீழே வாகனத் தரிப்பிடத்தில், ஐந்து நிமிடம். கயிறு இறுகினால் மரம்போல நில்லுங்கள், பேச்சே வேண்டாம். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்த நொடியில் ஒரு துண்டு கொடுத்து நடவுங்கள். துண்டு என்றால் அவித்த கோழி ஈரல், நகமளவு. கடை பிஸ்கட்டுக்குக் காசு கொட்டாதீர்கள்; நெத்தலிக் கருவாடு என்றால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவிக் கொடுங்கள். வீட்டில் ஒருவர் மரம்போல நிற்க, இன்னொருவர் இழுபட்டுக்கொண்டு போனால் ஒன்றும் நடக்காது. நெஞ்சு வளையம் உங்களுக்குச் சில கிழமை அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அதற்குள் படிப்பிக்காவிட்டால் பலசாலி நாய் அதிலும் இழுக்கப் பழகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஹார்னஸைக் கழற்றுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ஈர வாருக்குக் கீழே தோல் புண்ணாகும், உண்ணியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முன்னங்கால் இடுக்கைத் தினமும் விரலால் தடவிப் பாருங்கள்.

அந்தச் சிவப்பு ஹார்னஸை எறிய வேண்டாம். காரில் போகும்போது நாய் அங்குமிங்கும் தாவாமல் ஆசனத்தில் கட்டப் பாவிக்கலாம். புதியதை வாங்கமுன் அளவெடுத்து, நெஞ்சு எத்தனை சென்ரிமீற்றர் என்று எனக்கு எழுதுங்கள்.