ஹூஸ்டனில் வீடு வாங்குமுன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் கணவருக்கு ஹூஸ்டனில் பெட்ரோகெமிக்கல் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே பனிக்காலத் தொல்லை இல்லை, மாநில வருமான வரி இல்லை, வீட்டு விலையும் குறைவு என்கிறார்கள். போனவுடன் வீடு வாங்கிவிடலாமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டவை பெரும்பாலும் சரியே. ஆயினும் அவசரப்பட வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் சூறாவளிப் பருவம் ஒன்றையாவது வாடகை வீட்டில் கழித்துவிட்டு வாங்குங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை.

ஹூஸ்டன், மெக்சிகோ வளைகுடாவை அடுத்த சமவெளி நகரம். அதன் மையப்பகுதியே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,250 மி.மீ. மழை பெய்கிறது. அந்த நீர் 'பயூ' எனப்படும் மெல்ல நகரும் ஓடைகள் வழியாகவே வடிய வேண்டும். தரையில் சாய்வு இல்லை, களிமண்ணும் நீரை எளிதில் உள்வாங்குவதில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நகராமல் நின்று பெய்தபோது, பல பகுதிகளில் சில நாட்களுக்குள் 1,000 மி.மீ.க்கு மேல் கொட்டியது. நகரின் மேற்கே 1940களில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்ட அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் சாதாரண நாட்களில் வறண்ட காடாகவும் பூங்காவாகவுமே தெரியும். அவை நிறைந்தால் நீர் தேங்கும் நிலத்திலேயே பிற்காலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே வீடு வாங்கிய பலருக்கு வெள்ளம் உள்ளே வந்த பிறகுதான் அது தெரிந்தது. அவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

'நூறாண்டு வெள்ளப் பகுதி' என்ற சொல்லைக் கேட்டு, நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஏறத்தாழ 26 சதவீதமாகிவிடும். முன்பு வெள்ளம் புகுந்திருந்தால், விற்பவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என 2019 முதல் டெக்சஸ் சட்டம் சொல்கிறது. அந்தத் தாளைப் படித்த கையோடு கராஜுக்குள் சென்று சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். தரையிலிருந்து நான்கடி உயரம் வரை மட்டும் பலகை புதிதாகவும், அதற்கு மேல் பழையதாகவும் இருந்தால், காரணத்தைக் கேட்காமல் வெளியே வராதீர்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. தனியாக எடுக்கும் அரசு வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால், வளைகுடாவில் புயல் தெரிந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

குளிர் குறைவுதான், ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொடும். ஆனால் 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் வந்தபோது, பிற மாநிலங்களுடன் பெரிதும் இணையாத டெக்சஸ் மின்கட்டமைப்பு தடுமாறி, லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. தண்ணீரின் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பதைக் குடிபுகும் நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, சொத்து வரி பல இடங்களில் 2 சதவீதத்தை ஒட்டி வரும். 4,00,000 டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர். புதிய புறநகர்களில் குடிநீர், வடிகால் கடனுக்கான 'மட்' வரியும் சேரும்.

துறைமுகமும், உலகின் மிகப்பெரிய மருத்துவ வளாகமும், நாசாவின் ஜான்சன் விண்வெளி மையமும் இருந்தாலும், ஹூஸ்டனின் நாடித்துடிப்பு எண்ணெய்தான். 1980களில் எண்ணெய் விலை சரிந்தபோது வேலைகளோடு வீட்டு விலைகளும் சரிந்தன. உங்கள் கணவரின் சம்பளமும் நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் மதிப்பும் ஒரே துறையை நம்பியிருக்கும் என்பதால், ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு மீதத்தில் முன்பணம் கட்டுங்கள். வாடகைக்கு இருக்கும் அந்த ஆண்டில், பிடித்த தெரு ஒன்று அமைந்தால், கனமழை ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய், நீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று நின்று பாருங்கள்.