எல்லா பல்பும் எரிகிறது, எச்சரிக்கை விளக்கு மட்டும் ஏன்?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். ஆறு மாதம் முன்பு பழைய கார் ஒன்று வாங்கினேன். இப்போது பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டில் பல்பு படம் போட்ட மஞ்சள் விளக்கு வருகிறது. மகனை மிதிக்கச் சொல்லி பின்னால் போய்ப் பார்த்தேன், எல்லாம் எரிகிறது. போன மாதம்தான் பின்பக்கம் எல்.இ.டி. பல்பு போட்டேன். ஒர்க்‌ஷாப்பில் விளக்குகளைக் கவனிக்கும் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த மஞ்சள் விளக்குக்கு வெளிச்சம் தெரியாது. பல்புக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்பதைத்தான் கார் அளக்கிறது. சாதாரண பிரேக் பல்பு 21 வாட், 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி.க்கு அதில் சிறு பங்கு போதும். கரண்ட் அவ்வளவு குறைந்தால், பல்பு போய்விட்டது என்றே கார் எடுத்துக்கொள்ளும்.

அதனால் முதலில் பழைய வகை பல்பையே திரும்பப் போட்டுப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் பார்க் லைட்டுக்கும் சேர்த்து இரட்டை இழை பல்பு, 21/5 வாட். உங்கள் காருக்கு எது என்று கையேட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி பல்பாக வாங்குங்கள். போட்டபின் வண்டியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள்.

அப்புறமும் விளக்கு வந்தால் பல்பு ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் கடலோர ஊர்களில் இதை நான் அழுத்திச் சொல்வேன். உப்புக் காற்றில் ஹோல்டரின் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பல்பு எரியும், ஆனால் கரண்ட் சரியாகப் போகாது. விளக்குகளை அணைத்துவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரோ பார்க் லைட்டோ மங்கினால் எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் அதைச் சொல்லுங்கள். பின் கண்ணாடியில் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டையும் மறக்காமல் பாருங்கள்.

எல்.இ.டி.தான் வேண்டுமென்றால் சிலர் பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்க ரெசிஸ்டர் என்ற சிறு பாகத்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். எச்சரிக்கை போய்விடும், ஆனால் அது தொட முடியாத அளவு சூடாகும். பிளாஸ்டிக் பக்கத்தில் அதை வைக்க விடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகு யூனிட்தான் என்று சொன்னால், ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணையும் செலவையும் எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய யூனிட்டையும் கேட்டு வாங்குங்கள். பணம் வாங்கியும் கோளாறு அப்படியே இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.