தம்பியின் தோட்டா மேசைக்காக வீட்டுக் கடன் பணத்தை நிறுத்தலாமா?

கேள்வி: நான் ஹட்டனில் இருக்கிறேன். தம்பி கனடாவில், அல்பேர்ட்டா மாகாணத்தில் வேலை செய்கிறான். மாதம் 250 டொலர் அனுப்புவான். இங்கே எங்கள் வீட்டுக் கடன் 18 இலட்சம், வட்டி 14 வீதம், ஐந்து வருஷத் தவணை. அவன் அனுப்பும் காசில் தவணை போக மிச்சம் அம்மாவின் மருந்துக்குப் போகிறது. அவன் அங்கே துவக்கு உரிமம் எடுத்து, ஒரு கழகத்தில் காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுடப் பழகுகிறான். நவம்பரில் நண்பர்களோடு மான் வேட்டைக்கும் போவான். வருஷத்துக்கு மூன்று பெட்டி ரைபிள் தோட்டா முடியுமாம். இப்போது வீட்டிலேயே தோட்டா நிரப்ப ஒரு மேசை போடப் போகிறானாம். 1,000 டொலர் வேண்டும், நான்கு மாதம் காசு அனுப்ப முடியாது, பிறகு தோட்டாச் செலவு பாதியாகிவிடும், கூட அனுப்புவேன் என்கிறான். ஊருக்கு வரும்போது அதே சாமானைக் கொண்டுவந்து கந்தப்பளையில் அப்பாவின் 12 போர் துவக்குக்கும் நிரப்பித் தருவேன், பன்றித் தொல்லை தீரும் என்றும் சொல்கிறான். நம்பலாமா?

பதில்: சகோதரி, தம்பி பொய் சொல்லவில்லை. தோட்டாவை வீட்டில் நிரப்பிக் காசை மிச்சம் பிடிப்பவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சுடும் விதம் வேறு, உங்கள் தம்பி சுடும் விதம் வேறு. அவர்களுடைய கணக்கை இவர் தன் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான்கு மாதப் பணத்தை நிறுத்துவதற்கு இந்த மேசை காரணமாகாது. ஏன் என்று முழுதாகச் சொல்கிறேன். அவரிடம் பேச உங்களுக்கு இலக்கங்கள் வேண்டும்.

ரைபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், வெடிமருந்து, குழலிலிருந்து பறந்துபோகும் சன்னம். சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். புதுத் தோட்டாவின் விலையில் பெரும் பங்கு அதற்குத்தான். அளவான அழுத்தத்தில் சுட்டால் ஒரு கூட்டை ஐந்து முதல் எட்டுத் தடவை வரை திரும்ப நிரப்பலாம். மிச்சம் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. தம்பி தன் கடை விலையைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு இறாத்தலில் 7,000 கிரெயின் மருந்து இருக்கிறது. ஒரு தோட்டாவுக்கு 40 கிரெயின் என்று வைத்தால் 175 தோட்டா வரும். (இந்த 40 பெருக்கல் வகுத்தலுக்கு மட்டும். உண்மையான அளவை அவருடைய துப்பாக்கிக்கும் மருந்துக்கும் உரிய கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.) இறாத்தல் 70 டொலர் என்றால் மருந்துக்கு 40 சதம், பிரைமருக்கு 12, சன்னத்துக்கு 55. கூட்டுக்கு ஒரு சதமும் போடாமல், தம்பி பக்கம் சாய்ந்தே கணக்குப் போட்டாலும் 1 டொலர் 7 சதம் ஆகிறது. கடையில் அதே தோட்டா 2 டொலர் என்றால், ஒன்றுக்கு 93 சதம் மிச்சம்.

கருவிகளுக்குப் போட்ட 1,000 டொலரைத் திரும்ப எடுக்க 1,075 தோட்டா சுட வேண்டும். தம்பிக்கு வருஷத்துக்கு மூன்று பெட்டி, பெட்டிக்கு 20, ஆக 60. கிட்டத்தட்ட 18 வருஷம் ஆகும். மாதம் 100 சுடுபவருக்கு இதே மேசை 11 மாதத்தில் காசைத் தந்துவிடும். ஆகவே மேசையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மான் வேட்டைக்கு மட்டும் ரைபிளைத் தூக்குகிற ஒருவருக்கு அது பொருந்தவில்லை.

அவர் அதிகம் சுடுவது களிமண் தட்டுகளை. அதற்குரிய 12 போர் தோட்டாவின் கணக்கு இதைவிட மோசம். அதில் பிளாஸ்டிக் கூடு, பிரைமர், மருந்து, ஈயக் குண்டுகளைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் கிண்ணம், குண்டுகள் என்று ஐந்து. 25 இறாத்தல் குண்டுப் பை 75 டொலர் என்றும், ஒரு தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் என்றும் வைத்தால் 400 தோட்டா வரும். ஒன்றுக்கு 19 சதம். மருந்து 18 கிரெயின் வீதம் 18 சதம், பிரைமர் 12, கிண்ணம் 5. மொத்தம் 54 சதம். கடையில் 25 தோட்டாப் பெட்டி 13 டொலருக்குக் கிடைத்தால் ஒன்று 52 சதம்தான். அவருடைய உழைப்பைச் சும்மா தந்தாலும் நட்டம்! தொழிற்சாலைகள் தட்டுச் சுடும் தோட்டாவை மலைபோலச் செய்து குவிப்பதால் அந்த விலையை வீட்டில் வெல்ல முடிவதில்லை. 28 போர், 410 போர் போன்ற சிறிய துவக்குகளின் தோட்டா கடையில் விலை கூட. உள்ளே போகும் ஈயமோ குறைவு. அவற்றைச் சுடுபவர்கள் நிரப்புவதில் நியாயம் இருக்கிறது.

அந்த 1,000 டொலரில் என்ன வரும் என்பதையும் கேளுங்கள். கூட்டை அச்சுக்குள் அழுத்தும், ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சாதாரண பிரெஸ் 250, அச்சுத் தொகுதி 70, தராசு 80, மருந்து அளக்கும் கருவி 110, கூட்டை நீளத்துக்கு வெட்டும் கருவி 140, கூடு கழுவும் உருளை 100, நீளம் அளக்கும் கலிப்பர் 40, பிரைமர் பதிக்கும் கைக்கருவி 70, கையேடு 50, மசகு, தட்டு, தூரிகை என்று சில்லறை 90. கணக்கு 1,000 ஆகிவிட்டது. இன்னும் ஒரு தோட்டாவும் உருவாகவில்லை. 1,000 பிரைமர், இரண்டு இறாத்தல் மருந்து, 500 சன்னம் வாங்க இன்னொரு 535 டொலர் முடங்கும். தொலைவிலிருந்து வரவழைத்தால் ஆபத்தான சரக்கு என்று அனுப்பும் கட்டணம் தனி. மேலும் ரைபிள் பிரெஸ்ஸில் 12 போர் தோட்டாவை நிரப்ப முடியாது, அதற்கு வேறு இயந்திரம் வேண்டும். தம்பி சொன்ன தொகை ஒரு வேலைக்கு மட்டும்தான் என்பது அவருக்கே தெரியுமோ தெரியாது.

2020இல் தொடங்கி ஓரிரு வருஷம் வட அமெரிக்காவில் பிரைமர் கிடைப்பதே கடினமாகி, விலை பல மடங்கு ஏறியது. மேசை போட்ட பலர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மிச்சக் கணக்கு போடும்போது இந்த ஆபத்தையும் சேர்க்க வேண்டும்.

நேரமும் காசுதான். சாதாரண பிரெஸ்ஸில் மணிக்கு 50 தோட்டா என்பது நல்ல வேகம். சுட்ட கூட்டைக் கழுவி, மசகு பூசி, பழைய பிரைமரைத் தள்ளி, அச்சில் அளவாக்கி, நீளத்தை வெட்டி, புது பிரைமர் பதித்து, மருந்து அளந்து ஊற்றி, சன்னத்தைச் சரியான ஆழத்தில் இறுக்க வேண்டும். மசகு குறைந்தால் கூடு அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். எடுக்கத் தனிக் கருவி வேண்டும். மசகு கூடினால் கூட்டின் தோள் குழிந்துபோகும். பிரைமர் சற்று மேலே நின்றாலும் துப்பாக்கி சரியாகப் பூட்டாது. சன்னத்தை ஆழமாக இறக்கினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். மின்விசிறிக் காற்றுப் பட்டால் தராசு பிழை காட்டும்.

எல்லாவற்றிலும் பயங்கரமானவை இரண்டு. மருந்தே ஊற்றாமல் மூடிய தோட்டாவில் பிரைமரின் வேகம் மட்டும் சன்னத்தைக் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். மற்றது இரட்டை மருந்து. ரைபிள் கூட்டில் இரண்டு அளவு ஊற்றினால் பெரும்பாலும் வழிந்து காட்டிக்கொடுக்கும். கைத்துப்பாக்கிக் கூட்டில் மருந்து பல நேரம் பாதிக்குக் கீழேதான் நிற்கும் என்பதால் இரண்டு அளவும் அடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்த பிறகே சன்னம் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். துப்பாக்கி செய்யும் பல கம்பனிகள், வீட்டில் நிரப்பிய தோட்டாவால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. 1,500 டொலர் துப்பாக்கி போனால் பல வருஷ மிச்சம் ஒரு நொடியில் போய்விடும். கையும் கண்ணும் போனால் அதற்குக் கணக்கே இல்லை.

அவர் வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரிடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் எழுத்தில் கேட்க வேண்டும். மறைத்து வைத்துத் தீ விபத்து வந்தால் இழப்பீடு நின்றுபோகலாம். சொந்தப் பாவனைக்கு நிரப்ப கனடாச் சட்டம் இடம் கொடுக்கிறது; விற்பதற்கென்றால் தனி உரிமம் வேண்டும். நண்பர்களுக்கு நிரப்பிக் கொடுத்துக் கைச்செலவுக்கு எடுப்பேன் என்று சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். சுட்ட கூட்டில் ஒட்டியிருக்கும் பிரைமர் எச்சத்திலும் ஈயத் தூசு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் புழங்கும் அறையிலும் சமையலறை மேசையிலும் இந்த வேலை கூடவே கூடாது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. கனடா டொலர் 220 ரூபா என்று வைத்தால் 250 டொலர் 55,000 ரூபா. 18 இலட்சத்துக்கு 14 வீதத்தில் ஐந்து வருஷத் தவணை சுமார் 41,900 ரூபா. அம்மாவுக்கு மிஞ்சுவது 13,000 சொச்சம். நான்கு மாதம் நின்றால் 2,20,000 ரூபா வராது. அந்தத் தொகைக்கு 14 வீதத்தில் ஒரு வருஷ வட்டி மட்டும் 30,800 ரூபா. தவணை தவறினால் தாமத வட்டி சேரும், கிறிப் எனும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பதியும், நாளைக்கு ஒரு லீசிங் எடுக்கப் போனால் அது முன்னால் வந்து நிற்கும். தவணையைக் கட்ட நகையை அடகு வைத்தால் ஒரு வட்டிக்கு மேல் இன்னொரு வட்டி. தம்பி அங்கே வருஷத்துக்கு மிச்சம் பிடிக்கப்போவது, அவர் பக்கம் சாய்ந்த கணக்கிலேயே, 60 தோட்டாவுக்கு 56 டொலர். ரூபாவில் 12,300 அளவு. இந்தப் பக்கம் 30,800, அந்தப் பக்கம் 12,300. இந்த இரண்டு எண்ணையும் அவருக்கு அப்படியே அனுப்புங்கள்.

ஆசையை ஒரேயடியாக வெட்டச் சொல்லவில்லை. பிற தேசத்தில் தனியாக உழைக்கிற பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும், அதற்குக் காசு செலவழிப்பதில் பிழை இல்லை. அதைச் சேமிப்பு என்று பெயர் வைத்து வீட்டுத் தவணையில் எடுப்பதுதான் பிழை. ரைபிளில் சுட்ட பித்தளைக் கூடுகளை எறியாமல் சேர்க்கட்டும். கழகத்தில் யாரிடமாவது மேசை இருந்தால் ஒரு பருவம் அவர் பக்கத்தில் இருந்து பழகட்டும். தட்டுச் சுடும் தோட்டாவைப் பத்துப் பெட்டிப் பொதியாக, விலை இறங்கும் நாளில் வாங்கட்டும். அதன் பிறகும் ஆசை இருந்தால் தன் கைச்செலவில் மாதம் 50 டொலர் ஒதுக்கினால் 20 மாதத்தில் கருவி வாங்கலாம். உங்களுக்கு வரும் 250இல் கை வைக்கத் தேவையில்லை.

அப்பாவின் துவக்கு விஷயத்தில் என் பதில் உறுதியாக, வேண்டாம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. அப்பாவின் உரிமம் அந்தத் துவக்கை வைத்திருக்கத் தந்தது. தோட்டா செய்யவோ, வெடிமருந்து சேர்த்து வைக்கவோ அது உதவாது. பிடிபட்டால் துவக்கும் போகும், உரிமமும் போகும், வழக்குச் செலவும் வரும். மருந்தையும் பிரைமரையும் விமானப் பயணப் பொதியில் கொண்டுவரவே முடியாது. வெறும் இரும்பு பிரெஸ்ஸைச் சுமந்து வந்து என்ன பயன்? அப்பாவுக்குத் தேவையான சில தோட்டாக்களை அனுமதி பெற்ற வழியிலேயே வாங்கச் சொல்லுங்கள். உரிமத்தை வருஷாவருஷம் புதுப்பிக்கத் தவற வேண்டாம்.

பன்றியைத் தடுக்கக் காசு போட வேண்டிய இடம் மின்வேலி. தோட்டம் அரை ஏக்கர், ஏறக்குறைய சதுரம் என்று வைத்தால் சுற்றளவு 180 மீற்றர். தரையிலிருந்து 20 சென்ரிமீற்றரில் ஒன்று, 45இல் ஒன்று என்று இரண்டு கம்பி. மொத்தம் 360 மீற்றர். ஐந்து மீற்றருக்கு ஒரு கம்பம் வீதம் 36, மூலைகளுக்குத் தடித்தவை. வேலிக்கென்றே செய்த, கம்பிக்கு விட்டுவிட்டு மின் அதிர்வு கொடுக்கும் கருவி, 12 வோல்ட் பற்றரி, சூரியத் தகடு. கந்தப்பளையில் மழையும் மூடுபனியுமாக நாட்கணக்கில் வெயில் வராமல் போகும், ஆகவே பற்றரியைச் சற்றுப் பெரிதாக எடுங்கள். வேலி வேலை செய்யவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இரண்டு காரணத்தால்: நிலத்தில் அடிக்கும் கம்பி ஆழம் போதாது, அல்லது புல் வளர்ந்து கீழ்க் கம்பியைத் தொட்டு மின்னைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. வாரம் ஒரு முறை புல் வெட்ட ஆள் இல்லையென்றால் அந்த வேலியைப் போடாதீர்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்குக் கொடுப்பது குற்றம், மனிதரைக் கொல்லும். கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் அப்படியே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சிகிச்சை கொடுத்தும் இறந்துபோனது.

தம்பி இந்த மாதமே பணத்தை நிறுத்திவிட்டால், தவணைத் திகதிக்கு முன்னால் வங்கிக் கிளைக்குப் போய்க் கடன் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மாத வட்டியையாவது கட்டி, மிச்சத்துக்குத் திகதி கேளுங்கள். தவறிய பிறகு போவதைவிட முன்னால் போனால் பேச இடம் இருக்கும். கடிதத்தின் பிரதியில் கிளை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.