எழுந்து நின்றதும் மறந்துபோகும் ஜெர்மன்

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் எண்ணத்தில் மொழி வகுப்புக்குச் செல்கிறேன். வீட்டில் எழுதும் பயிற்சிகளில் பெரும்பாலும் தவறு வருவதில்லை. ஆனால் ஆசிரியர் எழுப்பியதும் நாக்கு உலர்ந்து, முந்தைய இரவு படித்தது மறந்துவிடுகிறது. ஒருநாள் எண்களைச் சொன்னபோது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அதிலிருந்து, பேசச் சொல்லும் நாள்களில் விடுப்பு எடுத்துவிடுகிறேன். எனக்கு மொழியே வராதோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காரைக்குடி

பதில்: தவறில்லாமல் எழுத வருகிற உங்களுக்கு மொழி வராது என்று சொல்ல இடமில்லை. அயல்மொழி வகுப்பில் எழும் பதற்றத்தைத் தனியாக ஆராய்ந்து, அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை எலெயின் ஹார்விட்ஸ் உள்ளிட்ட மூவர் 1986இல் வெளியிட்டார்கள். பிறர் முன் பேசும் தயக்கம், தேர்வு பயம், நம்மைக் குறைத்து மதிப்பிடுவார்களோ என்ற அச்சம் ஆகிய மூன்றோடும் இது தொடர்புடையது என்றாலும், அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமல்ல என்பது அவர்களின் கருத்து. தமிழில் நோயாளிக்கு ஆறுதல் சொல்லி, உறவினருக்கு விளக்கம் சொல்லி, தேவைப்பட்டால் அதட்டவும் தெரிந்த ஒருவர், புதிய மொழியில் சின்னக் குழந்தையின் சொல்வளத்தோடு பலர் முன் நிற்க வேண்டியிருக்கிறது. தாம் யார் என்பதையே காட்ட முடியாத அந்த நிலைதான் உறுத்துகிறது. கவனத்தில் ஒரு பங்கை அந்த உறுத்தல் பிடித்துக்கொள்வதால், படித்தது மனத்தில் இருந்தும் நேரத்துக்குக் கைகொடுப்பதில்லை.

விடுப்பு எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். அன்றைக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கும்; அந்த நிம்மதியே அடுத்த முறை அச்சத்தைக் கூட்டிவிடும். ஆசிரியரிடம் தனியாக நிலைமையைச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு ஒருமுறை பேசிப் பார்த்த பிறகு உங்களை எழுப்பும்படி கேளுங்கள். நியாயமான ஆசிரியர் எவரும் இதை மறுக்க மாட்டார்.

எண்களில் தடுமாறியதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் இருபத்தொன்று என்பதை ஜெர்மானியர்கள் 'ஒன்றும் இருபதும்' என்று ஒன்றை முன்னால் வைத்துச் சொல்கிறார்கள். சிரித்தவர்களும் 74இல் தடுக்கி விழுந்திருப்பார்கள். ஐந்தைக் குறிக்கும் சொல்லின் உயிரொலி தமிழில் இல்லை. 'இ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதடுகளை மட்டும் 'உ'வுக்குக் குவித்தால் அது வந்துவிடும். கண்ணாடி முன் பழகுங்கள்.

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் ஏ1 என்ற தொடக்க நிலைப் பேச்சுத் தேர்வு சுமார் 15 நிமிடங்கள் சிறு குழுவாக நடக்கிறது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, பெயரை எழுத்துக்கூட்டுவது, ஓர் எண்ணைச் சொல்வது, அட்டையில் உள்ள சொல்லை வைத்துக் கேள்வி கேட்பது, ஒரு பொருளைக் கேட்டுப் பெறுவது ஆகியவையே அதில் வருகின்றன. கேட்கப்போவது இவ்வளவுதான் என்று தெரிந்திருப்பதே பாதி தைரியம். வகுப்புத் தோழியர் இருவரை வீட்டுக்கு அழைத்து, முகப்பிலோ பட்டாலை என்னும் கூடத்திலோ உட்கார்ந்து தேர்வு போலவே நடத்திப் பாருங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களின் ஊர் உங்களுடையது. அங்கே கடைக்குத் தொழில் பழகப் போன 'பெட்டியடிப் பையன்கள்' என்ற சிறுவர்களுக்கும் முதலில் கூச்சம் இருந்திருக்கும். மதிப்பெண் போடத்தான் ஆள் இருந்திருக்காது!

கேள்வி: பேச்சு ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். தவறைத் திருத்தினால் மாணவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். விட்டுவிட்டால் அதுவே படிந்துவிடுகிறது. என்ன செய்வது?
– ஓர் ஆசிரியர், தேவகோட்டை

பதில்: மாணவர் சொன்னதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வதுதான் பலரும் கையாளும் வழி. அது யாரையும் புண்படுத்தாது. ஆனால் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டர், ரான்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், ஆசிரியர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்திய அந்த முறைக்குத்தான் மாணவரிடமிருந்து எதிர்வினை மிகக் குறைவாக வந்தது. திருத்தப்பட்டோம் என்பதையே பலர் கவனிப்பதில்லை போலும். ஆகவே பேசுபவரை முடிக்க விடுங்கள். கடைசியில், அன்று காதில் விழுந்த தவறுகளில் இரண்டு மூன்றை மட்டும், யாருடையவை என்று சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். உச்சரிப்புப் பயிற்சியில் மட்டும் உடனுக்குடன் திருத்தலாம். அங்கே எல்லோரும் அதற்காகவே வாய் திறக்கிறார்கள் என்பதால் யாருக்கும் அது தைப்பதில்லை.