டெல்லி பால்கனியில் ஸ்ட்ராபெரி வளருமா?

தம்பி, ஜூன் வெயிலில் விருதுநகரிலிருந்து டெல்லி துவாரகாவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், மூன்றாவது மாடியில் பால்கனியோடு வீடும் கிடைத்துவிட்டது, இங்கேதான் குளிர் அடிக்குமே, ஸ்ட்ராபெரி வைக்கலாமா, எந்த ரகம், ஆன்லைனில் விதை பாக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம். விதை மட்டும் வேண்டாம். நான் கும்பகோணத்திலிருந்து வந்து மயூர் விஹாரில் இருபத்தோரு வருடம் ஆகிறது, அதில் ஒன்பது குளிர்காலம் ஸ்ட்ராபெரி வைத்திருக்கிறேன், முதல் மூன்றும் வீண்.

வீணானதற்குக் காரணம், ஊட்டி, கொடைக்கானல் நினைப்பில் இருந்ததுதான். அங்கே ஒரு முறை நட்ட செடி இரண்டு மூன்று வருடம் கிடக்கும். டெல்லியில் அது நடக்காது. அக்டோபரில் நட்டு, பிப்ரவரி மார்ச்சில் சாப்பிட்டு, மே மாதம் கைகழுவ வேண்டிய செடி இது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனசே வரவில்லை. ஒரு வருடம் ஏப்ரல் கடைசியில் ஆறு தொட்டியையும் உள்ளே தூக்கி வந்து ஏர் கூலர் பக்கத்தில் வைத்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். வெளியே 44 டிகிரி. ஜூன் இரண்டாம் வாரத்தில் கடைசிச் செடியும் போனது, கூலரில் தண்ணீர் ஊற்றி ஊற்றி என் இடுப்பு போனதுதான் மிச்சம். நீங்கள் அந்த வேலை செய்யாதீர்கள்.

விதைக்கு வருகிறேன். நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரியே கலப்பினம். 1714-இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலியிலிருந்து கொண்டுபோன செடியும், வட அமெரிக்காவின் வர்ஜீனியா செடியும் பிரான்சில் கலந்து பிறந்தது. அதனால் விதை போட்டால் தாய் மாதிரியே பிள்ளை வராது, முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் நம் குளிர்காலம் பாதி முடிந்திருக்கும். அதுவும் சில பாக்கெட்டில் நீல ஸ்ட்ராபெரி படம் போட்டிருப்பான், அப்படி ஒரு பழம் உலகத்திலேயே கிடையாது. வாங்க வேண்டியது ஓடுதண்டிலிருந்து, அதாவது தாய்ச்செடி மண்மேல் ஓடவிடும் கொடியிலிருந்து, எடுத்த கன்று. இங்கே நர்சரியில் 'பௌதா' என்று கேளுங்கள். கொலு எடுத்து வைத்த பிறகு, அக்டோபர் நடுவில் வர ஆரம்பிக்கும். செப்டம்பரிலேயே ஆசைப்பட்டு வாங்கினால் புழுக்கத்தில் அழுகும், டிசம்பரில் வாங்கினால் வேர் பிடிப்பதற்குள் பூக்கும் காலம் வந்துவிடும்.

ரகம் என்று கேட்டால் சான்ட்லர், கமரோசா, ஸ்வீட் சார்லி, வின்டர் டான், இந்த நாலு பெயர்தான் இங்கே அதிகம் காதில் விழும். கமரோசா பெரிசாக, கெட்டியாக இருக்கும், லாரியில் போவதற்கென்றே செய்தது மாதிரி. நமக்கு லாரி எதற்கு? சான்ட்லர் கிடைத்தால் எடுங்கள், வாசனைக்கு அதுதான். ஸ்வீட் சார்லியும் நல்ல இனிப்பு, சீக்கிரம் காய்க்கும். வருடம் முழுக்கக் காய்க்கும் ரகம் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள், 30 டிகிரி தாண்டினால் இந்தச் செடிக்குப் பூக்கவே மனசு வராது. உண்மையைச் சொன்னால், நர்சரிக்காரர் சொல்லும் பெயரை ரொம்ப நம்பவும் வேண்டாம், பெயரைவிட நடுக்குருத்தைப் பாருங்கள். பருத்து, பச்சையாக, இரண்டு மூன்று இளம் இலை விரிந்தபடி இருக்க வேண்டும்.

உங்கள் பால்கனி எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே? தெற்கு என்றால் கவலையில்லை. டிசம்பர் மதியத்தில் விருதுநகரில் சூரியன் 57 டிகிரி உயரத்தில் இருக்கும், இங்கே 38 தான், சாய்ந்து சாய்ந்து தெற்கு பால்கனிக்குள்ளேயே வந்து உட்காரும். வடக்கு பார்த்த பால்கனியில் அந்த மாதம் ஒரு கீற்று வெயில்கூட விழாது. அப்படியென்றால் மொட்டைமாடிக்கு அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஆறு அங்குல ஆழம் போதும், வேர் மேலாகத்தான் ஓடும். ஒரு அடி அகலத் தொட்டியில் மூன்று செடி வைக்கலாம். மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. (நார்க்கழிவுக் கட்டியை வாங்கிப் பிரித்தால் அட்டையில் பொள்ளாச்சி என்று போட்டிருந்தது, நர்சரிக்காரரிடம் எங்க ஊர்ப்பக்கம்தான் என்று பெருமை அடித்துவிட்டு வந்தேன்.) நடும்போது குருத்து மண்மட்டத்தில் இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் வேர் காயும். முதலில் வரும் இரண்டு மூன்று பூவைக் கிள்ளிப் போடுங்கள், கை கூசும், பரவாயில்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் பெரிய தப்பு பண்ணினேன். ஆர்.ஓ. இயந்திரம் கக்குகிற கழிவுத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் தினமும் ஊற்றினேன். மூன்று வாரத்தில் இலை ஓரமெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி பழுப்பாகி மடிந்தது, தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்தது. நோய் என்று நினைத்து மருந்து வேறு அடித்தேன். ஸ்ட்ராபெரி உப்பைத் துளியும் தாங்காது, அந்தக் கழிவில் இருப்பதோ மொத்த உப்பும். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். துவாரகா பக்கம் நிலத்தடி நீரே உப்பு, அதனால் போர் தண்ணீரும் வேண்டாம், குழாயில் வரும் தண்ணீரைத் தனியே பிடித்து வையுங்கள். நவம்பர் புகையில் இலைமேல் கருப்பாகப் படியும், வெயில் வந்த பிறகு லேசாகத் தெளித்துக் கழுவினால் போதும்.

ஜனவரி மூடுபனியில் பூ பூக்கும், தேனீ வராது. அது வராவிட்டால் பழம் கோணல்மாணலாக, ஒரு பக்கம் சூம்பிப்போய் வரும். பழத்தின் மேல் பொட்டுப் பொட்டாக இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர்ந்தால்தான் அதைச் சுற்றி சதை பிடிக்கும். நான் பையனின் பழைய வாட்டர் கலர் பிரஷை எடுத்து, பதினொரு மணி வாக்கில் பனி விலகியதும், பூ நடுவிலுள்ள மஞ்சள் மேட்டை ஓரத்திலிருந்து சுற்றி வருடுவேன். பூவுக்கு ஐந்து விநாடிகூட ஆகாது. எதிர்வீட்டு பஞ்சாபி அம்மா முதலில் நான் பூவுக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பிஞ்சு மண்ணில் படாமல் வைக்கோல் பரப்ப வேண்டும். டெல்லியில் வைக்கோலுக்கு எங்கே போவது என்று திகைக்காதீர்கள், காஷ்மீர் ஆப்பிள் பெட்டிக்குள் அடைத்து வருகிறது, பழக்காரரிடம் கேட்டால் சும்மா கொடுப்பார். புல்புல் குருவிக்குக் கொசுவலைத் துணி போதும். குரங்குக்கு எதுவும் போதாது, வந்தால் செடியோடு பிடுங்கிவிடும். உங்கள் பகுதியில் நடமாட்டம் உண்டா என்று காவலாளியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பறிக்கும்போது காம்புக்குக் கீழே வெள்ளை வளையம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மாம்பழம் மாதிரி அரிசிக்குள் வைத்துப் பழுக்க வைக்க முடியாது, பறித்த பிறகு இனிப்பு ஏறாது. முழுக்கச் சிவந்த பிறகு, காம்பில் கொஞ்சம் விட்டுக் கத்தரியுங்கள். ஆறு செடியில் என் நல்ல வருடத்தில் ஐந்து வாரம், இரண்டு நாளைக்கு ஒரு கிண்ணம் வந்தது. கணக்குப் பார்த்தால் கடையில் 200 கிராம் டப்பா வாங்குவதே லாபம், கணக்குப் பார்ப்பவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

மே மாதம் செடி வாடியதும் பிடுங்கிவிட்டு அதே தொட்டியில் தண்டுக்கீரை விதைத்துவிடுங்கள், டெல்லி வெயிலில் அது கும்மென்று வரும். இங்கே சௌலாய் என்று கீரை கிடைக்கும், ஆனால் நம்மூர் மாதிரி தண்டு இருக்காது, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் விதையை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.