"அவர் வீட்டில்தான் இருக்கிறார்"

கேள்வி (2022 ஜனவரி): எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் தரம் 11, டவுனில் படிக்கிறாள். மகன் தரம் 4, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். கொரோனாவால் இரண்டு இடத்திலும் வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்து, கிழமை மாறிக் கிழமை வரச் சொல்கிறார்கள். மகள் போகிற கிழமை மகன் வீட்டில், மகன் போகிற கிழமை மகள் வீட்டில். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். காலையில் பஸ் ஏறினால் வீடு வர இரவு ஏழு மணியாகும். சின்னவன் வீட்டில் நிற்கிற கிழமையில் அவனைப் பார்க்க மகளை இரண்டு மூன்று நாள் மறிக்கவேண்டி வருகிறது. அவர் வீட்டில்தான் இருக்கிறார், ஹோட்டல் வேலை இன்னும் தொடங்கவில்லை. எங்களிடம் ஒரு ஸ்மார்ட் போன்தான், அதை நான் வேலைக்குக் கொண்டுபோகிறேன். மகளின் டீச்சர் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறார். போன வருடம் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தவர்களால் பகலில் அனுப்ப முடியாதா? அதிபரிடம் முறையிடலாமா, வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாமா?
- பெயர் வேண்டாம், நிலாவெளி, இலங்கை

பதில்: தங்கச்சி, டீச்சரைப் பற்றிப் பிறகு பேசுவோம். "அவர் வீட்டில்தான் இருக்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பஸ் ஏறுகிற கதையோடு கதையாக அதையும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பெற்ற தகப்பன் நாள் முழுக்க வீட்டில் இருக்க, தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று பரீட்சை எழுதப்போகிற பிள்ளையை மறிக்கிறீர்கள். இது என்ன நியாயம்?

இரண்டு கிழமைக்குப் பள்ளிக்கூட நாள் பத்து. அதில் ஐந்தை இந்த நோய் எடுத்துக்கொண்டது. அதற்கு நீங்களும் காரணமில்லை, அதிபரும் காரணமில்லை. மிச்சம் இருந்த ஐந்தில் இரண்டு மூன்றை எடுத்தது நீங்கள்தான். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஐந்து நாள் படிக்க, உங்கள் மகள் இரண்டு மூன்று நாள்தான் படிக்கிறாள். நேரசூசி மாறியதால் வந்த கஷ்டம் என்று முழுக் கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறித்த நாட்களுக்கும் நேரசூசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவள் எந்த வகுப்புப் பிள்ளை என்பதையும் யோசியுங்கள். அவள் எழுதப்போகிற சாதாரண தரப் பரீட்சையின் பாடத்திட்டம் தரம் 10, 11 இரண்டும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது அவள் தரம் 10. ஜூலையில் திறந்தார்கள், ஒக்டோபரில் திரும்ப மூடினார்கள். இடையில் திறந்ததை 2021 ஏப்ரல் கடைசியில் திரும்பவும் மூடினார்கள், அவள் வகுப்புக்கு நவம்பர் 8ஆம் திகதிதான் திறந்தது. டிசம்பரில் எழுதியிருக்கவேண்டிய பரீட்சை இப்போது மே 23 என்கிறார்கள். பெப்ரவரி 7இல் உயர்தரப் பரீட்சை தொடங்கினால் பல பள்ளிக்கூடங்கள் பரீட்சை நிலையமாகிவிடும், பிறகு சித்திரை வருடப்பிறப்பு லீவு. விரல் விட்டு எண்ணுகிற நாட்கள்தான் அவள் கையில் இருக்கின்றன. அதிலிருந்துதான் நீங்கள் எடுக்கிறீர்கள்.

உங்கள் கணவரின் நிலைமை எனக்கு விளங்காமல் இல்லை. நிலாவெளிக்கு சுற்றுலா சீசன் என்றால் மே தொடங்கி செப்டம்பர் வரைதான். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் ஊரடங்கு, அதற்கடுத்த வருடம் திரும்பவும் முடக்கம். மூன்று சீசன் வரிசையாகப் போனால் எந்த மனிதனும் உடைந்துதான் போவான். வேலையில்லாத ஆணிடம் சமையலையும் பிள்ளையையும் கொடுத்தால் அவமானப்படுவாரோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்தில்தான் அவரிடம் கேட்காமலே மகளிடம் கொடுத்துவிட்டீர்கள். கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. கேட்டு அவர் மறுத்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். ஹோட்டலில் யார் யாருடைய பிள்ளைகளுக்கோ முட்டை பொரித்து, மேசைக்குக் கொண்டுபோய் வைத்த மனிதர்களை எனக்குத் தெரியும். அந்த வேலை செய்த கைக்குத் தன் மகனுக்கு மத்தியானம் சோறு போட ஏலாதா?

சோற்றோடு விடவும் வேண்டாம். சின்னவன் தரம் 3ஐ ஒழுங்காகப் படிக்காமலே தரம் 4க்கு வந்த பிள்ளை. அந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது. அக்கா மறிபட்டு நின்றாலும் அவனுக்குப் படிப்பிக்கப் போவதில்லை. அவள் ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைத் தன் புத்தகத்திலும் வைத்திருப்பாள், பொடியன் முற்றத்தில் நிற்பான். தகப்பன் தினமும் காலையில் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருத்தி, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வைக்கட்டும், வாய்ப்பாடு கேட்கட்டும். ஹோட்டலில் வெள்ளைக்காரரோடு பழகியவர் என்றால் நாலு வார்த்தை ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கலாம். தகப்பன் உழைத்துக் கொண்டுவந்து போட்டால் கடமை முடிந்தது என்று நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உழைப்பு இல்லாத காலத்தில் கடமை இல்லாமல் போகாது. மூத்தது பெண்பிள்ளை என்பதற்காக அது அவள் தலையில் இறங்கவும் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சரி, இப்போது டீச்சர். முறையிட வேண்டாம். பகலில் பாடம் அனுப்பினால் அதை யார் பார்ப்பது? போன் உங்கள் கைப்பையில் டவுனுக்குப் போய்விடுகிறது. ஏழு மணிக்கு நீங்கள் வந்த பிறகுதானே அது மகள் கைக்கு வருகிறது? இந்தக் குழு முறையில் ஒரே பாடத்தை இந்தக் கிழமை பாதிப் பிள்ளைகளுக்கும் அடுத்த கிழமை மற்றப் பாதிக்கும் திரும்ப எடுக்கவேண்டும். அதற்கு மேல் வீட்டில் நிற்கிற பிள்ளைகளுக்கும் அனுப்பவேண்டும். பலர் அதற்கு டேட்டா போடுவது சொந்தக் காசில். அவருக்கும் வீடு வாசல் இருக்கும், பிள்ளைகள் இருக்கலாம். எல்லாம் அடங்கிய பிறகு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து அனுப்புகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். வேலைநிறுத்தத்தையும் இழுத்திருக்கிறீர்கள். ஜூலை 12இல் தொடங்கி ஒக்டோபர் 25 வரை நடந்தது, பிள்ளைகளுக்கு நட்டம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 24 வருடமாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்காகத்தான் அவர்கள் ஒன்லைன் வகுப்பிலிருந்து விலகினார்கள். அந்தக் கோபத்தை இந்த ஒரு டீச்சர் மேல் இப்போது தீர்க்கவேண்டாம்.

அதிபரைப் பார்க்கத்தான் வேண்டும், வேறு காரணத்துக்காக. மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அக்காவின் குழு எந்தக் கிழமை வருகிறது என்று சொல்லி, இவனையும் அந்தக் கிழமைக் குழுவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வகுப்பில் இடமிருந்தால் செய்து தரக்கூடிய காரியம். இதையும் நீங்கள் லீவு எடுத்துக்கொண்டு ஓடவேண்டாம். பக்கத்துப் பள்ளிக்கூடம்தானே, அவர் நடந்தே போய்வரட்டும். குழு மாறினாலும் மாறாவிட்டாலும் மகளின் கிழமையில் ஐந்து நாளும் மகள் வகுப்பில் இருக்கவேண்டும். அவள் வீட்டில் நிற்கிற கிழமையில் போனை அவளிடம் விட்டுப் போங்கள். அவசரம் என்றால் கடை நம்பருக்கு எடுக்கலாம்.

இன்னொன்று. மறித்த நாட்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்ன காரணம் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தால், இந்தக் காலத்தில் அது ஒரு வகுப்பையே பயப்படுத்துகிற பொய். இன்று இரவே டீச்சருக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எந்தெந்தத் திகதியில் மகள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று சொல்லி, அந்த நாட்களின் கணிதக் குறிப்பையும் விஞ்ஞானக் குறிப்பையும் முதலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.