கிட்டார் செய்ய எந்தப் பசை, எத்தனை கிளாம்ப்?

கேள்வி: ஸ்டீல் கம்பி போட்ட அக்கௌஸ்டிக் கிட்டார் ஒன்றை வீட்டிலேயே செய்யப் போகிறேன். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம் வாங்கியாயிற்று. இருப்பது சென்னையில். தெரிந்த ஆசாரி பெவிகாலே போதும் என்கிறார். நண்பரோ எப்பாக்ஸிதான் பலம் என்கிறார். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எதை, எத்தனை வாங்குவது?

பதில்: பலம் என்று மட்டும் பார்த்தால் இருவர் சொல்வதும் சரிதான். இணைப்பு சரியாகப் பொருந்தியிருந்தால், எந்த நல்ல மரப்பசையிலும் மரம்தான் முதலில் பிய்யும். ஆனால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் இல்லாத இரண்டு தொல்லைகள் கிட்டாருக்கு உண்டு. லைட் கேஜ் என்ற மெல்லிய ரகக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இராப்பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம், என்றாவது ஒருநாள், மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையோ, கழுத்தான நெக்கையோ யாராவது கழற்றித்தான் ஆகவேண்டும். பசை வாங்கும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர்தன்மையோடு இருக்கும். தொடர்ந்து இழுவை இருந்தால் மயிரிழை மயிரிழையாக நகரும். பெவிகாலை அச்சுகள், வேலைக்குத் துணையான சட்டங்கள் (ஜிக்) செய்ய வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்ஜுக்கு வேண்டாம். உங்களுக்கு நான் சொல்வது டைட்பாண்ட் ஒரிஜினல் என்ற மரப்பசை, சிவப்பு லேபிள் போட்டது. காய்ந்தால் கடினமாகும், சூடு காட்டினால் இளகும், முதல் கிட்டார் செய்பவருக்குப் பதறாமல் வேலை பார்க்க நேரம் கொடுக்கும். தண்ணீர் தாங்கும் நீல, பச்சை லேபிள்களைக் கடைக்காரர் ‘இது இன்னும் உசத்தி’ என்று எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். கிட்டாரை யாரும் மழையில் வைக்கப்போவதில்லை, பிரிக்கும்போதுதான் அவஸ்தை. சிவப்பு லேபிளிலும் ஒரு சங்கடம் உண்டு: சூட்டில் இளகும் குணம் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வேலை செய்யும். முடிந்த கிட்டாரைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பழைய ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரம், அதாவது தோல் பசை, இன்றும் நல்ல கிட்டார்களில் புழங்குகிறது. இழுவைக்கு நகராது, சூடும் ஈரமும் கொடுத்தால் விட்டுவிடும். ஆனால் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, 60 டிகிரி சூட்டிலேயே நிறுத்தி, தடவியதும் நொடிக்கணக்கில் கிளாம்ப் போட்டாக வேண்டும். சென்னை வெக்கை இதில் உங்களுக்குச் சாதகம், பசை சற்று மெதுவாக உறையும். இருந்தாலும் இரண்டாவது கிட்டாரில் பார்த்துக்கொள்ளலாம்.

எப்பாக்ஸிக்கு ஒரே ஒரு இடம் தருவேன்: நெக்கின் மேல் விரல் வைத்து வாசிக்கும் பலகையான ஃபிரெட்போர்டு. தண்ணீர் கலந்த பசையை ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்த மெல்லிய பலகை வளையப் பார்க்கும். எப்பாக்ஸியில் தண்ணீர் இல்லை. ஒட்டுமுன், நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் உலோகத் தண்டான டிரஸ் ராட் கிடக்கும் பள்ளத்தின் மேல் டேப் ஒட்டி, பசை பூசி, டேப்பை உரித்துவிட்டு மூடுங்கள். உள்ளே பசை இறங்கினால் ராட் திரும்பாது. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டுக்கும், அழகுக்காகப் பதிக்கும் வேலைகளுக்கும் சூப்பர் குளூ ஒரு சொட்டு போதும்.

ஈட்டி எண்ணெய்ப் பிசுக்கு உள்ள மரம். ஒட்டும் நாளிலேயே சுரண்டிப் புதுமுகம் காட்டி, அசிட்டோன் தோய்த்த துணியால் ஒரு துடை துடைத்து, ஆவி போனதும் பசை பூசுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், பசையைவிட முக்கியம் அது. காற்றில் ஈரம் 75 சதவீதம் இருக்கும் நாளில் மேல்பலகையில் அதை உள்ளிருந்து தாங்கும் கட்டைகளான பிரேஸ்களை ஒட்டினால், பின்னால் ஏசி அறையில் பலகை குறுக்குவாட்டில் சுருங்கப் பார்க்கும், பிரேஸ் விடாது, பலகை வெடிக்கும். மரத்தை ஏசி அறையில் பல நாள் பழகவிட்டு, காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் மீட்டர் 45 சதவீதத்தை ஒட்டிக் காட்டும்போது அங்கேயே ஒட்டுங்கள். மீட்டர் ஒரு கிளாம்ப் விலைகூட இருக்காது.

சரி, கிளாம்ப். காசு கொடுத்து வாங்கவேண்டியவை பிரிட்ஜுக்கு மூன்று, நெக்குக்கும் மற்றதற்கும் ஐந்தாறு எஃப் (F) எழுத்து வடிவக் கிளாம்ப். மீதியை நீங்களே செய்துகொள்ளலாம். பக்கப் பலகையின் உள்விளிம்புப் பட்டைக்குத் துணி கிளிப் போதும், கிளிப்புக்கு ஒரு ரப்பர் பேண்ட் சுற்றினால் பிடி இறுகும். பிரேஸ்களுக்கு மூங்கில் பிளாச்சு: மேலும் கீழும் தடித்த பலகை வைத்து ஒரு சட்டம் அடித்து, இடைவெளியைவிடச் சற்று நீளமாகப் பிளாச்சுகளை வெட்டி, வளைத்துச் செருகினால் அவையே அழுத்தும். உடலை மூடுகையில் சுற்றிலும் முப்பது பிடிமானமாவது வேண்டும். நீளப் போல்ட், இறக்கை நட்டு, தக்கை ஒட்டிய இரண்டு மர வட்டுகள், இவ்வளவுதான் ஒரு கிளாம்ப். அதுவும் முடியாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள்.

எதையும் முறுக்கிப் பிழியாதீர்கள். விளிம்பில் பசை சின்னச் சின்ன மணியாக வரிசை கட்டினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் இணைப்பில் பசையே மிஞ்சாது. மூட வைக்கவே பலம் வேண்டியிருந்தால் கோளாறு பொருத்தத்தில் இருக்கிறது, மறுபடி இழைப்புளி போடுங்கள். பிதுங்கிய பசை ஜெல்லி பதத்துக்கு வந்ததும், ஜூஸ் குடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைச் சாய்வாக வெட்டிப் பிரேஸ் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பசை ஸ்ட்ராவுக்குள் ஏறிவிடும்.

பிரிட்ஜில் மட்டும் அவசரம் கூடாது. அடியில் பாலிஷ் இருந்தால் முழுக்கச் சுரண்டி வெறும் மரம் தெரியவேண்டும். கிளாம்ப் நடுத்துளை வழியாக உள்ளே போகவேண்டும் என்பதால் வாய் ஆழம் 15 செ.மீ.க்குக் குறையாமல், உடம்பு ஒல்லியாக இருப்பதைத் தேடுங்கள். உள்ளே பிரேஸ்கள் நசுங்காதபடி பள்ளம் வெட்டிய மரத்துண்டு ஒன்றை முட்டுக் கொடுக்கவேண்டும். ஈரப் பசைமேல் பிரிட்ஜ் வழுக்கும். கம்பி முனைகளைப் பிடிக்கும் முளைகளுக்கான துளைகளில் முதலாவதிலும் ஆறாவதிலும் இறுக்கமான குச்சி செருகிவிட்டால் இடம் மாறாது. பசை போடாமல் ஒருமுறை எல்லாக் கிளாம்பையும் மாட்டிப் பாருங்கள். டைட்பாண்ட் அரைமணியில் பிடித்துவிடும்தான், ஆனாலும் இங்கே 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். கழற்றியதும் பின்விளிம்பில் மெல்லிய தாளை நுழைத்துப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் கம்பி ஏற்றவேண்டாம். சூடாக்கிக் கழற்றி, இரு முகத்தையும் சுத்தம் செய்து, மறுபடி ஒட்டுங்கள்.